எதைத் தின்னும், எது தின்னும்

என் மனைவி நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசியதை நான் முதன்முதலாகக் கேட்டது ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு. கையில் ஒரு டியூப்லைட். கீழே ஆஸ்பத்திரியின் வாராந்திரக் கூட்டம்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன். பதினேழு வருடமாக அங்கே இருக்கிறேன். அவள் ஐந்து வருடத்துக்கு முன்னால் தோட்ட வேலைக்குச் சேர்ந்தாள். எலும்பு முறிந்தவர்களும் ஆபரேஷன் முடிந்தவர்களும் மாதக்கணக்கில் தங்கி நடை பழகுகிற இடம் அது. கட்டடத்துக்கு முன்னால் கேட் பக்கம் நாலு பாத்தி, பின்னால் சமையலறைச் சுவரை ஒட்டி நாலு பாத்தி. அந்த எட்டுப் பாத்தியில் விளைகிற காய்தான் நோயாளிகளின் தட்டுக்குப் போகும்.

அன்றைய கூட்டத்துக்குக் காரணம் ஒரு புழு. இரண்டாவது மாடியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், முட்டைக்கோஸ் சூப்பில் அதைக் கண்டுபிடித்தார். மனிதர் சத்தம் போடவில்லை. கரண்டியால் எடுத்து ஒரு காகித நாப்கினில் வைத்து, நான்காக மடித்து, மேலே "நிர்வாகிக்கு" என்று எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டார். மடிப்பைப் பிரித்த நிர்வாகி மேடம் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள்.

"முடிவு பண்ணிடலாம்," என்றார் மேடம். "சனிக்கிழமை மருந்து அடிக்கிற ஆளுங்க வராங்க. எட்டுப் பாத்திக்கும் அடிச்சிடட்டும். யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

இந்தக் கேள்விக்கு அந்த அறையில் யாரும் எதையும் சொன்னதில்லை. எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளத் தயாராக இருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் மேடம்."

குரல் கேட்டதும் என் காலுக்குக் கீழே ஏணி ஆடியது. ஏணி எங்கே ஆடியது, நான்தான் ஆடினேன். அவள் கடைசி வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் பாட்டில். இன்னொரு கையில் எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டுத் தூக்கிப்போட்ட நோட்டு.

எங்கள் வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் கோபமாக இருக்கிறாளோ என்று பயந்து நான் இரண்டு மாதம் பூனை மாதிரி நடந்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கும்போது பேச வராது. அப்படிப்பட்டவள் நேராக நடந்து போய் மேடத்தின் மேஜை மேல் பாட்டிலை வைத்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு பாருங்க."

பாட்டிலுக்குள் ஒரு துண்டு கோஸ் இலை. இலை மேல் ஒரு பச்சைப் புழு, அசையாமல். அதைச் சுற்றி அரிசி மணி மாதிரி மஞ்சளாக இருபது முப்பது சின்ன உருண்டைகள். தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"ஏம்மா, இது புழு போட்ட முட்டை. நான்தான் தினம் காலைல பாத்திக்குப் போய் கட்டை விரலால நசுக்கிட்டு வரேனே!"

"அண்ணா, புழு எங்கயாவது முட்டை போடுமா? பூச்சியா மாறி றெக்கை முளைச்சாதான் முட்டை. இது கூடு. கொசு மாதிரி ஒரு குளவி இருக்கு, நம்மளைக் கொட்டாது. அது புழு உடம்புக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சுங்க உள்ளயே இருந்து புழுவைத் தின்னுட்டு, வெளிய வந்து இப்படிக் கூடு கட்டும். ஒரு வாரம் போனா ஒவ்வொரு கூட்டுலேர்ந்தும் ஒரு குளவி வரும். ஒவ்வொண்ணும் புதுசா ஒரு புழுவைத் தேடிப் போகும்."

சமையல்காரர் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"அப்ப நான் தினம் நசுக்கினது?"

"நம்ம ஆளுங்களை, அண்ணா."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடி கையில் இருந்த டியூப்லைட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் சிரிக்கவில்லை. "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. பார்த்தேன். எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைத் திறந்தாள். அந்த நோட்டு எனக்குத் தெரியும். மாலையில் வேலை முடிந்து கை கழுவிவிட்டு எதையோ எழுதுவாள். மளிகைச் சாமான் பட்டியல் என்றுதான் நான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் 'எதைத் தின்னும்', வலது பக்கம் 'எது தின்னும்'. தோட்டத்தில் கண்ணில் பட்ட ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பக்கம்.

அவள் வாசித்தாள். அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும். அதைத் தின்பது பொறிவண்டு. வண்டைவிட அதன் குஞ்சு அதிகம் தின்னும். குஞ்சு கறுப்பாக, குட்டி முதலை மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் அதுதான் பூச்சி என்று கொன்றுவிடுவார்கள். ஒரு குஞ்சை டப்பாவில் வைத்து எண்ணியதில் ஒரு நாளைக்கு நாற்பத்தேழு அசுவினி. எறும்பு அசுவினியைத் தின்னாது, அதன் பின்னால் வருகிற இனிப்புத் தண்ணீரைக் குடிக்கும். அதற்காகப் பொறிவண்டை விரட்டும். வெட்டுக்கிளி இலையைத் தின்னும், அதை ஓணான் தின்னும். நத்தையும் வண்டும் தேரைக்குச் சாப்பாடு. தேரை பழைய வாளிக்குக் கீழே இருக்கிறது, தயவு செய்து வாளியை யாரும் நிமிர்த்த வேண்டாம்.

"போன வருஷம் மருந்து அடிச்சோம் மேடம். அசுவினியும் செத்துது, பொறிவண்டும் செத்துது. அசுவினி பதினோரு நாள்ல திரும்பி வந்துச்சு. பொறிவண்டு திரும்பி வர ரெண்டரை மாசம் ஆச்சு. நடுவுல செடியைக் காப்பாத்த ஒரு ஆளும் இல்ல. தேதி இருக்கு, பாருங்க."

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. கேட் பக்கம் புழு கொஞ்சமாத்தான் இருக்கு. சமையலறைப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு?"

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்த அறையில் நான் இருப்பதே மற்றவர்களுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்கும். எல்லாத் தலையும் மேலே திரும்பியது.

"அந்தச் சுவர்ல இருக்கற விளக்கு மேடம்," என்றாள். "வெள்ளையா, ரொம்பப் பிரகாசமா இருக்கு. இருட்டினதும் அந்துப்பூச்சி எங்கெங்கேயோ இருந்து அதுக்கு வருது. வந்தது கீழ இருக்கற கோஸ்ல முட்டை வச்சிட்டுப் போகுது."

அந்த விளக்கு நான் போட்டது.

சும்மா போட்டது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், சமையலறை வாசலில் இருட்டாக இருக்கிறது, குப்பை கொட்டப் போகப் பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னபோது, எந்த வேலையாளையும் கூப்பிடாமல் நானே குழாய் வளைத்து, கம்பி இழுத்து மாட்டியது. அதன் கீழே நின்றால் ஊசியில் நூல் கோக்கலாம். வந்தவர் போனவர் எல்லாரையும் அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். எங்கள் மகளின் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருமுறை கை உடைந்து வந்தார், கட்டுப் போட்ட கையோடு அவரையும் நிறுத்திக் காட்டினேன்.

காது சூடானது. ஒரு கணம் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் கண் என் மேலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்கிற கண் இல்லை அது. உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்கிறவன் தாங்குவான் என்று நம்புகிற கண். கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருடத்தில் யாரும் என்னை இவ்வளவு மதித்ததில்லை என்று தோன்றியது.

"ஆமா மேடம்," என்றேன் ஏணியிலிருந்து. "அது நான் மாட்டினது. நானே கழட்டிடறேன்."

மேடம் ஒரு முடிவு சொன்னார். கேட் பக்கத்து நாலு பாத்திக்கு மருந்து. சமையலறைப் பக்கத்து நாலு பாத்தி தோட்டக்காரியின் பொறுப்பு, அங்கே ஒரு சொட்டு மருந்து விழாது. ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கும்போது கேட்டேன்.

"விளக்கு விஷயம் உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா? ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு நினைப்பேங்க. அன்னிக்குப் பார்த்து யாரையாவது கூட்டிட்டு வந்து அந்த விளக்கைக் காட்டிட்டு நிப்பீங்க."

மகள் வாயிலிருந்த காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் நோட்டை வாங்கி அந்துப்பூச்சிப் பக்கத்தைத் தேடினேன். வலது பக்கத்தில் எழுதியிருந்தாள்: "பல்லி மூணு. நல்லா கொழுத்திருக்கு. வௌவால் ரெண்டு. போதவில்லை."

மறுநாள் விளக்கைக் கழற்றினேன். பதிலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, மேலே தகர மூடி, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற மாதிரி. வாட்ச்மேன் முணுமுணுத்தார். அவருக்காக நடைபாதையில் இன்னும் இரண்டு வைத்தேன். சுவரில் இருந்த பழைய ஜங்ஷன் பெட்டியை எடுத்துவிடலாம் என்று கை வைத்தபோது அவள் ஓடி வந்தாள்.

"தொடாதீங்க! உள்ள சிட்டுக்குருவி குஞ்சு பொரிச்சிருக்கு."

"அதுக்கு?"

"நேத்து உக்காந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்துல இருபத்தோரு தடவை புழு கொண்டு வந்துச்சு."

பெட்டியை விட்டுவிட்டு ஒரு அடி தள்ளிப் புதுப் பெட்டி மாட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு குருவிக்காகக் கம்பியை வளைத்துக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

முதல் இரண்டு வாரம் எங்களுக்குத் தலை காட்ட முடியவில்லை. கேட் பக்கத்துப் பாத்தி கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. சமையலறைப் பக்கம் இலையெல்லாம் சல்லடை. சுவர் ஓரத்தில் இருந்த கடைசிப் பாத்தி முழுதும் போயிற்று, நரம்பு மட்டும் மிச்சம். போகிற வருகிற ஆட்கள் எல்லாம் அவளைப் பார்த்து, "என்ன பூச்சி டாக்டர், நோயாளி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து நோட்டில் எத்தனை கோஸ் போனது என்று எழுதுவாள். அந்த எண்ணிக்கையை ஒன்றுகூடக் குறைத்து எழுதவில்லை.

"பயமா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கு," என்றாள். "ஆனா மஞ்சக் கூடு போன வாரம் ஆறு, இந்த வாரம் முப்பத்தெட்டு."

சமையல்காரர்தான் முதலில் கட்சி மாறினார். மருந்து அடித்த கோஸை இரண்டு வாரம் பறிக்கக் கூடாது என்று மருந்துக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "ரெண்டு வாரம் நான் என்ன, காத்தையா சமைக்கிறது?" என்று கத்திக்கொண்டே சமையலறைப் பக்கத்துக்கு வந்தார். ஓட்டை விழுந்த வெளி இலைகளைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளே கோஸ் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. அவள் சொன்னபடி உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தார். ஒளிந்திருந்த ஒன்றிரண்டு புழுவும் மிதந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் மனிதர் தினம் காலையில் பாத்திக்கு வருவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து கூடு எண்ணுவார். ஒருநாள் ஒரு நர்ஸ் வாளிக்குக் கீழே தேரையைப் பார்த்து அலறியபோது, "சத்தம் போடாதீங்க, அது வேலை பார்க்குது" என்று அதட்டியவர் அவர்தான்.

மூன்றாவது வாரம் முடியும்போது கேட் பக்கத்தில் இலைக்கு அடியில் சாம்பல் தூவின மாதிரி அசுவினி. கூடவே எறும்பு வரிசை. நாலாவது வாரம் புழு. பொறிவண்டைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது வாரம் மருந்துக்காரர்கள் மறுபடி வந்து அடித்தார்கள். மறுபடி இரண்டு வாரம் பறிக்கக் கூடாது. சமையலறைப் பக்கமோ, நாளுக்கு நாள் புதிதாக வரும் இலையில் ஓட்டை குறைந்துகொண்டே வந்தது. மஞ்சள் விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். காலையில் செடிகளுக்கு மேலே தட்டான்கள் பறந்தன. ஒரு கும்பிடுபூச்சி தண்ணீர்க் குழாயின் மேல் உட்கார்ந்து, வருகிற ஈயையெல்லாம் ஒரே பிடியில் பிடித்தது. தபால்காரர் வாக்கர் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கவே மாடியிலிருந்து இறங்கி வருவார். தினமும் எத்தனை தப்படி நடந்தார் என்று பிஸியோதெரபிஸ்ட் கேட்டால், "பூச்சி வரைக்கும்" என்பார்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை அறுவடை. பாத்திக்கு நாற்பது என்று ஒவ்வொரு பக்கமும் நூற்றி அறுபது கோஸ் நட்டது. பறித்ததை சமையலறைத் தரையில் இரண்டு குவியலாகப் போட்டு, மேடம் முன்னால் சமையல்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சமைக்கத் தகுதியானது, தகுதியில்லாதது. கேட் பக்கம் தொண்ணூற்றி ஒன்று. சமையலறைப் பக்கம், ஒரு பாத்தி முழுதாகப் போனதற்கும் நடுவில் சமையலுக்குக் கொஞ்சம் பறித்ததற்கும் அப்புறமும், நூற்றி நாலு.

அவர் எண்ணி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நான் இருபத்தாறு வருஷமா சமைக்கிறேன். பெரிய வித்தியாசம் இல்லன்னு யாராவது சொல்லலாம். பதிமூணு கோஸ்தானேன்னு சொல்லலாம். ஆனா இந்தக் குவியலை இன்னிக்கே சமைக்கலாம். அந்தக் குவியலை வச்சுக்கிட்டு நான் காலண்டரைப் பார்த்திட்டு உக்காந்திருக்கணும்."

மேடம் என் மனைவியைப் பார்த்தார். "அந்தக் கடைசிப் பாத்தி போனதுக்கு என்ன காரணம்?"

"என் தப்பு மேடம். விளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடியே அங்க முட்டை நிறைய இருந்துச்சு. முதல் வாரமே கையால எடுத்திருக்கணும். குளவி வந்துடும்னு காத்திருந்தேன். அடுத்த தடவை காத்திருக்க மாட்டேன்."

"எட்டுப் பாத்தியையும் நீங்களே பார்த்துக்கங்க," என்றார் மேடம். "மருந்துக்காரங்களுக்கு நான் சொல்லிடறேன். அந்த நோட்டை எனக்கு ரெண்டு நாள் கொடுங்க."

நோட்டு இரண்டு நாளில் வரவில்லை, பத்து நாள் ஆயிற்று. அதற்குள் மேடம் அதைப் படி எடுத்து, கோடு போட்டு, இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியிருந்தார். எழுத்துப் பிழைகளை மகள் சரிபார்த்துக் கொடுத்தாள். "அம்மா, வௌவாலை நாலு இடத்துல நாலு விதமா எழுதியிருக்கே" என்று கேலி செய்தாள். ஆனால் அந்தப் படியில் ஒன்றைத் தன் பள்ளிக்கூடப் பையில் மடிக்காமல், அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாள். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றிலிருந்து வேன் வந்தது. அவர்கள் தோட்டத்தில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நல்லதாக ஏதாவது உடுத்திக்கொண்டு போ என்றேன்.

"பாத்திக்குள்ள இறங்கணுங்க," என்று சொல்லிவிட்டுச் சேறு ஒட்டிய செருப்பையே மாட்டிக்கொண்டாள். பையில் பூதக்கண்ணாடி, ஓட்டை போட்ட நாலு பாட்டில், ஒரு டப்பா தயிர்சாதம்.

டிரைவர் இறங்கி வந்து முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "சாயங்காலம் புதுப் பாத்திக்குத் தண்ணி விட்டுடுங்க, இலை மேல ஊத்தாதீங்க, வேர்ல ஊத்துங்க" என்றாள். வேன் கேட்டைத் தாண்டித் திரும்பியது.

"பூச்சி டாக்டர் எங்க கிளம்பிட்டாங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"சொல்லிக் கொடுக்கப் போறா," என்றேன். "அஞ்சு பேருக்கு."

அவருக்குக் கேட்டுவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை, மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பிறகு இரண்டாவது மாடியில் ஒரு ஸ்விட்ச் பழுதென்று கூப்பிட்டிருந்தார்கள், பையை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து நிமிட வேலை. முடித்துவிட்டு இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது.